லோடு ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்

மேட்டுப்பாளையம் மண்டி வாசலில் புது வண்டி ஒன்று வந்து நின்றால், யாரும் முதலில் விலையைக் கேட்பதில்லை. கண்ணாடியில் மாலை வாடியிருக்காது, அதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எத்தன குடுக்குதுங்ணா?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் கேள்வி. புது வண்டிக்காரர் முதல் வாரம் ஷோரூமில் சொன்ன எண்ணை அப்படியே ஒப்பிப்பார். இரண்டு மாதம் கழித்து அவரிடமே கேட்டுப் பாருங்கள், கேரட் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் பிக்கப் ஓட்டுகிறார். ஆகவே பகலில் ஊர் வண்டிகளின் வாடகைக் கணக்கும், ராத்திரியில் எங்கள் வண்டியின் டீசல் கணக்கும் என் கையில்தான். போன வருடம் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தோம். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால், "அதுக்கு நீங்க இன்னொண்ணு எடுத்திருக்கோணும்" என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மண்டிக்கு வருகிற எல்லாக் கம்பெனி வண்டிக்காரர்களும் ஒரே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். எங்கள் வண்டி தனியாக ஒரு பாவமும் செய்துவிடவில்லை.

ஷோரூமில் கொடுத்த வண்ணத்தாளில் 14-க்கு மேல் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். தாளின் அடியில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: சோதனை நிலைமைகளில் கிடைத்தது, உண்மை ஓட்டத்தில் மாறலாம். எங்களுக்குச் சமவெளியில் லோடோடு கிடைப்பது 10, நல்ல நாளில் பத்தரை. கோத்தகிரி ஏறினால் 6-ஐத் தொட்டாலே பெரிய காரியம். டேஷ்போர்டில் ஒளிர்கிற எண்ணைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் தாராள மனசு. டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி அதே பங்க்கில் வாய்வரை நிரப்பிப் பார்க்கிற பழைய கணக்கு இது. இதில் பொய் சொல்ல யாருக்கும் இடமில்லை.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 என்றால் 214 லிட்டர் போதும். 10 என்றால் 300 லிட்டர். வித்தியாசம் 86 லிட்டர். டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில், மாதம் 7,700 ரூபாய்க்கு மேல். எங்கள் வண்டியின் மாத டியூவில் பாதிக்குக் கிட்டே வருகிற தொகை. காரில் போகிறவருக்கு மைலேஜ் குறைந்தால் மனக்குறை. வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு மைலேஜ் குறைந்தால் கூலியே குறைகிறது. வாடகையை டீசல் பில் பார்த்து யாரும் ஏற்றித் தருவதில்லை. மண்டியில் ரேட் பேசினால் பேசினதுதான்.

ஷோரூமில் போய்க் கேட்டால் மூன்று பதில்கள் உண்டு. மூன்றும் வரிசையாகத்தான் வரும். முதல் தடவை, "மொத சர்வீஸ் முடியட்டுங்க." அடுத்த தடவை, "எஞ்சின் செட் ஆகோணுமுங்க, ஓட ஓட ஏறும்." உண்மையில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் 10-ஐ 14 ஆக்கிவிடாது. அதையும் கடந்து போய்க் கேட்டால் மூன்றாவது பதில் வரும்: "ஓட்டறதுல இருக்குதுங்க."

இந்த மூன்றாவது பதிலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஓட்டுகிறவரும் முதலாளியும் ஒரே ஆள். "ஓட்டறதுல இருக்குது" என்றால் அவர் ஒரு முறை முறைத்துவிட்டு வந்துவிடுவார். பல வண்டிகளில் அப்படி இல்லை. முதலாளி காரமடையில் இருப்பார். டிரைவர் சிறுமுகையிலிருந்து பஸ் ஏறி வந்து வண்டி எடுப்பார். முதலாளி கையில் ஷோரூம் தாள், டிரைவர் கையில் பங்க் பில். இரண்டுக்கும் நடுவே மாதம் 80 லிட்டர் காணோம். காணாமல் போன டீசல் தானாகவா நடந்து போயிருக்கும்? ஆகவே டிரைவர்தான் உருவி விற்றிருக்கிறான் என்று முடிவாகிவிடுகிறது. பேட்டாவில் பிடித்தம். பிறகு டேங்க் மூடிக்குப் பூட்டு. பிறகு ஒருநாள் மண்டி வாசலிலேயே, மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வது.

அப்படிச் சாவியைப் பறிகொடுத்த ஒருவர் என் மேசைக்கு வந்து நின்றார். இருபது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர். "அக்கா, எம்பட பில்லெல்லாம் உங்க கையிலதான இருக்குது. நீங்களாச்சும் சொல்லுங்க, நா எடுக்கலீங்க" என்றார். நான் அதே மாடல் வண்டிகள் நாலைந்தின் பில்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எல்லாமே 9-க்கும் 11-க்கும் நடுவில். ஒன்றுகூட 12-ஐத் தொடவில்லை. அதை முதலாளியிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எல்லா டிரைவருமே எடுக்கறானுங்க."

வண்ணத்தாளில் அச்சடித்த ஓர் எண்ணுக்கு இருக்கிற மரியாதை, இருபது வருடம் வண்டி ஓட்டியவன் வாய்ச்சொல்லுக்கு இல்லை.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? சோதனைக்கூடத்திலிருந்து. வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி ஓட்டுகிறார்கள். நம் நாட்டுச் சோதனைச் சுழற்சி 1,180 விநாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் ஓடுகிற தூரம் பத்தரைக் கிலோமீட்டர் சொச்சம். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் போல, உச்ச வேகம் 90. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது. இன்ன விநாடியில் இன்ன வேகம் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள், அந்தக் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். அந்தக் கூடம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவே மாட்டேன்.

என் சண்டை எடையைப் பற்றியது. அந்தச் சோதனையில் வண்டியின் காலி எடையோடு ஓர் ஆள், இரண்டு ஆள் எடைக்கு மேல் பெரிதாகச் சேர்ப்பதில்லை. காருக்கு அது நியாயம். காரில் பெரும்பாலும் ஓர் ஆளோ இரண்டு ஆளோதான் போகிறார்கள். பிக்கப் எதற்கு? காலியாகப் போய்வர யாராவது கடன் வாங்கி பிக்கப் எடுப்பார்களா? எங்கள் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை 45 கிலோ. முப்பது மூட்டை ஏற்றினால் 1,350 கிலோ. வண்டியின் சொந்த எடை 1,700 கிலோ அளவில் என்றால், இரண்டும் சேர்ந்து 3 டன்னைத் தாண்டிவிடுகிறது. சோதனையில் ஓடினது ஒரு வண்டி; எங்களிடம் ஓடுவது ஏறத்தாழ இரண்டு வண்டி.

மேடு ஏறுவதன் கணக்கு இன்னும் சுவாரசியம். என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அப்பா வண்டிக்குக் கணக்குப் போட்டுத் தா என்றதும், நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அந்த 33 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். 3 டன்னை அவ்வளவு உயரம் தூக்க 42 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால் நல்ல எஞ்சின். ஆக, உயரம் ஏற்றுவதற்கு மட்டும் மூன்றரை லிட்டர். சாலையில் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகிற டீசல் தனி. 33 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடித்தது என்றால் அது குற்றமே இல்லை, இயற்பியல். உர மூட்டையோடு கோத்தகிரி ஏறுகிற எந்த டிரைவரும் தன் வலது காலைக் கொண்டு இந்த மூன்றரை லிட்டரைக் குறைத்துவிட முடியாது. இதைத்தான் "ஓட்டறதுல இருக்குது" என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்க வேண்டும் என்று ஆனபின், டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வந்துவிட்டது. கரி சேர்ந்தால் அதை எரிக்க வேண்டும். எரிக்க எஞ்சின் தானே கொஞ்சம் கூடுதல் டீசலை உள்ளே விடும். அந்த டீசல் வண்டியை ஓரடிகூட நகர்த்தாது. மண்டி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட் என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற வண்டியில் புகைக்குழாய் நன்றாகச் சூடாகாது. வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், எரிக்கிற வேலையும் அடிக்கடி வரும். இதற்காகப் பழைய புகை வண்டியே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி பின்புறம் நின்று நாளெல்லாம் மூட்டை இறக்குகிறவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் நெஞ்சுக்குள் போகாமல் நின்ற கரிக்கு இரண்டு சொட்டு டீசல் கொடுக்கலாம். ஆனால் அந்த இரண்டு சொட்டையும் வண்டி விற்கும்போதே சொல்லிவிட்டால் என்ன?

சொல்லாததால் நடப்பதைப் பாருங்கள். மைலேஜ் வரவில்லை என்று முதலாளி நெருக்க நெருக்க, டிரைவர் எங்காவது மிச்சம் பிடித்துக் காட்டியாக வேண்டும். மேடு ஏறும்போது ஒன்றும் செய்ய முடியாது. இறங்கும்போது? கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ இறங்குகிற வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் இதை ஒரு கைத்திறமை போலவே சொல்லிக்கொள்கிறார்கள். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று போலீஸ் போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. நியூட்ரலில் 3 டன் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். குன்னூர் ரோட்டில் பர்லியாறு தாண்டிக் கல்லாறு வருவதற்குள் பிரேக் காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். இதில் வயிற்றெரிச்சலான விஷயம், அப்படிச் செய்து மிச்சமாவது ஒன்றுமே இல்லை என்பது. இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் உள்ளே போவதே நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டே வரும். கியரில் இறங்குவதுதான் டீசலுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. வண்டி டெலிவரி கொடுக்கிற அன்று தேங்காய் உடைத்து, சாவி மாதிரி அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்களே, அந்த நேரத்தில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

முதலாளிமார்களையும் சும்மா விடுவதற்கில்லை. ஒன்றேகால் டன் தாங்குகிற வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு 14 எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓவர்லோடுக்கு 2019 சட்டத் திருத்தத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000 என்று ஏற்றினார்கள். எங்கள் ஊரில் பலர் அதை வாடகையில் சேருகிற செலவாகவே பார்க்கிறார்கள். டயரில் காற்று குறைந்திருக்கும். கேபினுக்கு மேல் ஆள் உயரம் அடுக்கி, தார்ப்பாய் படபடக்கப் பாலக்காடு வரை போவார்கள். அந்தப் படபடப்பு முழுக்க டீசல்தான். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் நான் பேசுகிறேன். சட்டப்படியான லோடு, சரியான காற்று, கட்டின தார்ப்பாய், அதற்கும் 10தான்.

லோடு ஆளுக்கு ஆள் மாறும், சாலை ஊருக்கு ஊர் மாறும், எந்த லோடுக்கு எண் சொல்வது என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பெரிய லாரிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2017-இல் மத்திய அரசு டீசல் செலவுக்கு வரம்பு விதித்தபோது, எப்படி அளப்பது என்றும் சொன்னது: அனுமதிக்கப்பட்ட முழு எடையோடு, மணிக்கு 40 கிலோமீட்டரிலும் 60 கிலோமீட்டரிலும் சீரான வேகத்தில் ஓட்டி அளக்க வேண்டும். லாரி என்றால் லோடு ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே தெரிந்திருக்கிறது. மூன்றரை டன்னுக்குக் கீழே இறங்கினதும் அந்த ஞானம் எங்கே போயிற்று? பத்து லாரி வைத்திருக்கிற டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. அதன் லாரிக்கு லோடோடு அளக்கிற விதியும் இருக்கிறது. ஒரே வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவனுக்குக் காலி வண்டியின் எண்.

ஐரோப்பாவில் 2017-இலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்த புதிய சோதனை முறையில், சிறு சரக்கு வண்டியென்றால் அது தாங்கும் சுமையில் 28 சதவீதத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். இங்கே 28 சதவீத லோடோடு மண்டியைவிட்டுக் கிளம்புகிற வண்டியை யாராவது காட்டினால் நான் டீ வாங்கித் தருகிறேன். இருந்தாலும் சரக்கு வண்டியில் சரக்கு இருக்கும் என்பதையாவது அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிக்கப்புக்குப் பேர்போன அமெரிக்காவிலோ கதை வேறு: மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டிய பெரிய பிக்கப்புகளின் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்டவே வேண்டியதில்லை. எண்ணைக் காட்டாமலே விற்கலாம். காலி எண்ணைக் காட்டி விற்பதைவிட அது நேர்மை என்று ஒரு கட்சி பேசலாம். நான் பேச மாட்டேன்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை; சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு. எங்களைப் போலச் சொந்த வண்டியைச் சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. டிரைவர் வைத்து ஓட்டுகிறவர் போனால், நீ நுகர்வோரா என்கிற இடத்திலேயே வழக்கு மாட்டிக்கொள்ளும். அப்படியே உள்ளே போனாலும், அந்த நட்சத்திரமும் எறும்பு வரியும் காத்திருக்கின்றன. அந்த டிரைவருக்கோ எந்தக் கதவும் இல்லை. அவர் வண்டி வாங்கவில்லை, பழியைத்தான் வாங்கினார். சாவியைப் பறிகொடுத்தவர் இப்போது அன்னூர் பக்கம் ஒரு செங்கல் சூளை வண்டி ஓட்டுகிறார் என்று கேள்வி.

ஆகவே நான் கேட்பது அபராதமும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. மூன்று எண். காலி, பாதி லோடு, முழு லோடு. முடிந்தால் நாலாவதாக ஒன்று, மேடு ஏறும்போது. மூன்றும் ஒரே அளவு எழுத்தில், நட்சத்திரம் இல்லாமல், வண்ணத்தாளிலும் வண்டிக் கண்ணாடியிலும். காலி வண்டி 14, முழு லோடு 10 என்று போட்டிருந்தாலும் நாங்கள் அதே வண்டியைத்தான் எடுத்திருப்போம். மலைக்கு அந்த எஞ்சின் நன்றாக இழுக்கிறது. வாடகையை வேறு மாதிரிப் பேசியிருப்போம், டியூவை வேறு மாதிரி வைத்திருப்போம், அவ்வளவுதான். காரமடை முதலாளியும் தாளில் 10 என்று பார்த்திருந்தால், பில்லில் 10 வந்தபோது அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்.

போன மாதம் என் தம்பி ஒரு பிக்கப் பார்க்கப் போனான். டெமோ வண்டி கொடுத்தார்கள், ஏ.சி. போட்டு, பாட்டுப் போட்டு, காலி வண்டியில் பைபாஸ் ஒரு சுற்று. லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறான். "டெமோ வண்டில லோடு ஏத்தறதில்லீங்க சார், ரூல்ஸ்" என்றார்களாம். ரூல்ஸை எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முப்பது மூட்டை கிழங்கு நாங்கள் தருகிறோம், ஏற்றி இறக்கவும் ஆள் தருகிறோம். எடைமேடை மண்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான். பங்க்கும் எதிரிலேயே இருக்கிறது. டேங்கை நிரப்பிக்கொண்டு காலை நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கோத்தகிரி ரோடு காலியாக இருக்கும்.